கழலாத நட்டு: வீட்டு வாசலில் கார் பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. பழைய மாருதி 800 ஒன்றை வாசலிலேயே நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானே பழுது பார்த்து வருகிறேன். தொழில் வேறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக். உப்புக் காற்று வீசும் ஊரில் பழுதைச் சரிசெய்ய அரை மணி நேரம் என்றால், அதை மறைத்துக்கொண்டிருக்கும் நட்டைக் கழற்ற அரை நாள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கார் மூழ்கியவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கியவர்கள், புதிதாக ஸ்பானர் பெட்டி வாங்கிய உறவுக்காரப் பையன்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

1. பூட்டும்போது கையால்தானே பூட்டினேன், கழற்றும்போது மட்டும் ஏன் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

நட்டின் மரைக்கும் (சுருள் வெட்டுக்கும்) போல்ட்டின் மரைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி உண்டு. அதில் ஈரம் இறங்கினால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே அந்த இடைவெளி நிரம்பி, ஆப்பு இறக்கியதுபோல் ஆகிவிடுகிறது. உப்பு கலந்த ஈரம் என்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். புகைக்குழாய்ப் பக்கத்து நட்டுகளுக்குத் தினமும் சூடேறி ஆறும் தண்டனையும் சேர்ந்துகொள்கிறது.

துரு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடி கட்டும். சில சக்கர நட்டுகளில் துருவே இருக்காது. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். முதலில் எது என்று பாருங்கள். மூன்றாவது வகைக்கு எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து ஒரு பலனும் இல்லை.

2. சிரிக்காதீர்கள் அண்ணா, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே எனக்குக் குழப்பம்.

சிரிக்க மாட்டேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டைக் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கியவன் நான். நட்டை நேருக்கு நேர் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். நேராகப் பார்க்க முடியாத இடத்தில் வலக்கைக் கட்டைவிரலை, நட்டு எந்தப் பக்கம் வெளியே வர வேண்டுமோ அந்தப் பக்கம் நீட்டுங்கள். மற்ற விரல்கள் மடங்கும் திசைதான் திருப்ப வேண்டிய திசை.

விதிவிலக்குகள் உண்டு. சைக்கிளின் இடது பெடல் நாம் அறிந்த உதாரணம். பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. ஜீப்பை மீட்டெடுக்க ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் முதலில் உடைப்பது அந்த நட்டுகள் ஏறும் ஸ்டட்களை, அதாவது தலையில்லாத போல்ட்டுகளைத்தான்.

3. என்னென்ன கருவி வாங்க வேண்டும்? கடையில் 108 துண்டு பெட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள்.

108 துண்டில் தொண்ணூற்றைத் தொடவே மாட்டீர்கள். ஆறு முனை உள்ள சாக்கெட்டுகளாக 8 முதல் 19 மில்லிமீட்டர் வரை, அவற்றின் அரை அங்குலச் சதுரத் துளையில் மாட்ட ஒரு நீளக் கைப்பிடி, நல்ல ரிங் ஸ்பானர் வரிசை, கம்பி பிரஷ், ஒரு கிலோ சுத்தியல், வைஸ் கிரிப் (கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் இடுக்கி), கண்ணாடி. கடைசியாகச் சொன்னது கண்ணுக்கு; துரு செதில் மேலிருந்து விழும்போது நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மட்டுமே பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும். திறந்த வாய் ஸ்பானர் கழன்ற நட்டை வேகமாகச் சுழற்றுவதற்கு உரியது. இறுகிய நட்டில் அதை மாட்டினால் நேராக 11ஆம் கேள்விக்குப் போய்விடுவீர்கள்.

4. டபிள்யூடி-40 அடித்து உடனே திருப்பினேன், அசையவில்லை. போலிச் சரக்காக இருக்குமோ?

சரக்கு அசலாகவே இருக்கலாம். கோளாறு "உடனே" என்ற சொல்லில் இருக்கிறது. டபிள்யூடி-40 என்பதே நீரை விரட்டும் கலவை, நாற்பதாவது முயற்சி என்பதன் சுருக்கம். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஏவுகணையின் உலோகத் தோல் ஈரத்தால் அரிக்காமல் இருப்பதற்காக உருவாக்கினார்கள். துருவுக்குள் ஊடுருவுவது அதன் முதல் வேலை அல்ல. ஊடுருவும் எண்ணெய் என்று தனியாகவே விற்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

எதை அடித்தாலும் முறை ஒன்றுதான். முதலில் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேல்துருவை நனைத்துவிட்டு வழிந்துவிடும். பிறகு நட்டும் போல்ட்டும் சேரும் கோட்டில் அடியுங்கள், நட்டின் தலையில் அல்ல. சுத்தியலால் நாலு தட்டு. கால் மணி கழித்து மறுபடி. நான் சனிக்கிழமை மாலை மூன்று முறை அடித்துவிட்டு, ஞாயிறு காலை காபி குடித்த பிறகுதான் ஸ்பானரை எடுப்பேன்.

5. மாமா, தேங்காய் எண்ணெய் போதாதா? எங்கள் தாத்தா எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான் ஊற்றுவார்.

தாத்தா சரி, நீ தவறு. நுண்ணிய இடுக்கில் இறங்குவதற்கு எண்ணெய் நீர்த்து இருக்க வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் இறங்கும். தேங்காய் எண்ணெய் கெட்டி; மார்கழிக் காலையில் அது உறைந்தே போய்விடும்.

அசிட்டோனையும் தானியங்கி கியர்பெட்டி எண்ணெயையும் சரிபாதி கலந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டும் விரைவில் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்டில் பட்டால் பெயின்ட் போய்விடும், நெருப்புப் பொறி பட்டால் எல்லாமே போய்விடும். கோலா, வினிகர், எலுமிச்சை, புளி ஆகியவை அமிலம். கழற்றி எடுத்த சிறு பாகத்தை இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்தால் துரு இளகும். காரிலேயே மாட்டியிருக்கும் நட்டின் மேல் புளி தேய்ப்பது குத்துவிளக்குக்குச் செய்ய வேண்டிய மரியாதையை நட்டுக்குச் செய்வது.

6. ஸ்பானரில் குழாய் சொருகி ஏறி மிதிக்கலாமா? பஞ்சர் கடைக்காரர் அப்படித்தானே செய்கிறார்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மிதியுங்கள். கால் மீட்டர் கைப்பிடியின் நுனியில் ஐம்பது கிலோ எடை இறங்கினால் முறுக்கு விசை சுமார் 120 நியூட்டன் மீட்டர். குழாய் சொருகி அதை அரை மீட்டராக்கினால் சுமார் 245. சிறு கார்களின் சக்கர நட்டு ஏறத்தாழ நூறு நியூட்டன் மீட்டரில் பூட்டப்படுவது. அதற்கு இந்த விசை தாங்கும். இதே விசையை 10 மில்லிமீட்டர் தலை உள்ள ஒல்லி போல்ட்டில் காட்டினால் அது கழலாது, அறுந்துவிடும்.

சக்கர நட்டை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கி மேல் நிற்கும் காரை இப்படி உலுக்கினால் கார் சரியும். காருக்கு அடியில் புகுவதாக இருந்தால் ஜாக்கியை நம்பாமல் தாங்கு கட்டைகளை வைத்துவிட்டுத்தான். சின்ன நட்டுகளில் கைப்பிடியை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது வழுக்கினால் விரல் முட்டிகள் இரும்பில் போய் மோதும். என் வலக்கையில் அதற்கான தழும்புகள் வரிசையாக இருக்கின்றன.

7. கழல்கிறதா, உடையப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். துரு விடும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், அல்லது கிறீச்சிடும். அடுத்த நொடி கையில் இருக்கும் பாரம் குறையும். உடையப் போகும் போல்ட்டில் சத்தமே வராது. ஸ்பானர் நகரும், ஆனால் ரப்பரை முறுக்குவதுபோல் கொழகொழவென்று நகரும், பாரம் குறையாது. நட்டு திரும்புகிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். திரும்புவது நட்டல்ல, போல்ட்டின் உடம்பு.

அந்தக் கொழகொழப்பு தெரிந்த உடனே நிறுத்துங்கள். சற்று இறுக்கும் திசையில் திருப்புங்கள், எண்ணெய் அடியுங்கள், மறுபடி கழற்றும் திசையில். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போங்கள். முன்னும் பின்னும் போகும்போது அரைபட்ட துரு வெளியேறி எண்ணெய் உள்ளே போகும். ஒரே மூச்சில் கழற்றினால் அந்தத் துருத்தூள் முன்னால் சேர்ந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். பாதி வழியில் இறுகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் அவசரமாகச் சுற்றியவர்கள்தான்.

முதல் அசைவையே இறுக்கும் திசையில் கொடுப்பதும் பல நேரம் பலிக்கும். துருவின் பிடி உடைய வேண்டும், அவ்வளவுதான். எந்தத் திசையில் உடைந்தாலும் நமக்கு லாபம்.

8. சுத்தியலால் தட்டச் சொல்கிறீர்கள், அடித்தால் மரை நசுங்கிவிடாதா?

எங்கே அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போல்ட்டின் தலையில் நேராக அடிக்கலாம். மரை தெரியும் நுனியில் அடித்தால் நசுங்கும். அடித்தே ஆக வேண்டுமென்றால் பழைய நட்டு ஒன்றை நுனியோடு சமமாக ஏற்றிவிட்டு அதன்மேல் அடியுங்கள். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அண்டை கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் சிறு சுத்தியலால் தட்டுவது இன்னொரு வழி. அதிர்வு துருவில் விரிசல் உண்டாக்கும், எண்ணெய்க்கு வழி பிறக்கும்.

ஹோண்டா கார்களில் முன்சக்கர பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலைத் திருகுகள் இதில் பெயர் பெற்றவை. சாதாரணத் திருப்புளி வைத்தால் தலை வழித்துக்கொண்டு போய்விடும். சுத்தியலால் அடித்தால் தானே சற்றுத் திரும்பும் இம்பாக்ட் திருப்புளி ஒன்று கிடைக்கிறது, அதற்கு நாலு அடியில் வந்துவிடும்.

9. சூடு வைத்தால் கழலும் என்கிறார்கள். கேஸ் டார்ச் வாங்கலாமா?

வாங்கலாம், கடைசி ஆயுதமாக. 12 மில்லிமீட்டர் துளை உள்ள இரும்பு நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை சுமார் 0.03 மில்லிமீட்டர் விரியும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மரை இடுக்கில் இருக்கும் துருவின் பிடியை நொறுக்க அது போதும். சூட்டை நட்டுக்குக் காட்டுங்கள், போல்ட்டுக்கு அல்ல. இரண்டும் சேர்ந்து விரிந்தால் பயன் குறைவு. சூடான நட்டின் விளிம்பில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளப்படும். எண்ணெய்க்கு அசையாத நட்டு மெழுகுக்கு அசைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கே கூடாது என்பதுதான் முக்கியம். பெட்ரோல் டாங்க், பெட்ரோல் குழாய், பிரேக் ரப்பர் குழாய், ஷாக் அப்சார்பர், பேரிங், ரப்பர் புஷ் ஆகியவற்றின் அருகே நெருப்பே வேண்டாம். 4ஆம் கேள்வியில் அடித்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் ஒருபோதும் சூடு வைக்காதீர்கள். குளோரின் சேர்ந்த வகை என்றால் அது சூட்டில் நச்சு வாயுவாக மாறும். தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்த போல்ட்டுகள் பதம் ஏற்றியவை. சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும், அவற்றைத் திரும்பப் பூட்டக் கூடாது.

10. அப்படியானால் இன்ஜின் சூடாக இருக்கும்போதே எல்லாவற்றையும் கழற்றிவிடலாமே?

புகைக்குழாய் நட்டுகளுக்கு வெதுவெதுப்பு உதவும், கை சுடாத அளவுக்கு. ஸ்பார்க் பிளக்கில் இந்த யோசனை நேர் எதிராகப் போகும். பிளக் இரும்பு, அது உட்கார்ந்திருக்கும் இன்ஜின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். சூட்டில் அலுமினிய மரை மிருதுவாகி, பிளக்கோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். பிளக்கை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

11. நட்டு மழுங்கிவிட்டது சார், ஸ்பானர் சுற்றிச் சுற்றி வழுக்குகிறது.

முதலில் அந்த ஸ்பானரைக் கீழே வையுங்கள். ஒவ்வொரு வழுக்கலும் மிச்சமிருக்கும் மூலையைத் தின்கிறது. நட்டைவிட ஒரு அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டை எடுத்துச் சுத்தியலால் அடித்து மேலே இறக்குங்கள். பாதி நட்டுகள் இதிலேயே வந்துவிடும், சாக்கெட் பலியாகலாம். உட்புறம் எதிர்த்திசையில் சுருள் வெட்டிய பிரத்யேக சாக்கெட்டும் கிடைக்கிறது. திருப்பத் திருப்ப அது நட்டைக் கடிக்கும்.

வைஸ் கிரிப்பை அது "கிர்" என்று கடிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் உளியை நட்டின் விளிம்பில் சாய்வாக வைத்து, கழலும் திசையில் அடிக்கலாம். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் மழுங்கிய நட்டின்மேல் பெரிய நட்டு ஒன்றைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்கின் சூடும் சேர்ந்து உதவும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

12. சக்கர நட்டுகள் எல்லாம் வந்துவிட்டன, சக்கரம் மட்டும் வரவில்லை. உதைத்தும் பார்த்துவிட்டேன்.

நடுத்துளை அச்சோடு துருவால் ஒட்டியிருக்கிறது. நட்டுகளைத் திரும்ப மாட்டி, இரண்டு சுற்று தளர்வாக விட்டுவிட்டு, டயரின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி உதையுங்கள். நட்டு இருந்தால்தான் சக்கரம் பறந்து வந்து காலில் விழாது. அதற்கும் மசியாவிட்டால் காரை இறக்கி, நட்டுகள் அதே தளர்வில் இருக்க, வாசலிலேயே ஒரு அடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒட்டு விட்டுவிடும்.

13. பின் பிரேக் டிரம்மும், பிரேக்கில் காற்று எடுக்கும் திருகும் இதே வைத்தியத்துக்குக் கேட்குமா?

டிரம்முக்கு உதையும் அடியும் தேவையில்லை. மாருதி 800 உட்படப் பல சிறு கார்களின் டிரம்மில் இரண்டு மரைத் துளைகள் சும்மா இருப்பதுபோல் இருக்கும். சும்மா இல்லை. கை பிரேக்கை விடுவித்து, அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். இது தெரியாமல் ஓரத்தை அடித்து உடைத்தவர்களில் நானும் ஒருவன்.

காற்று எடுக்கும் திருகு உள்ளே துளை உள்ளது, மெலிந்தது. இதில் ஆறு முனை மட்டுமே, சிறு தட்டு மட்டுமே, 7ஆம் கேள்வியில் சொன்ன முன்பின் அசைவு மட்டுமே. பிரேக் குழாய் நட்டுக்கு வாய் பிளந்த ரிங் ஸ்பானர் என்று தனியாக உண்டு, அது இல்லாமல் தொடாதீர்கள். எண்ணெயும் கிரீஸும் பிரேக் பட்டையில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

14. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நட்டு தெரியவே இல்லை.

சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும். பேட்டரி மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது எதிர்மின் முனை (மைனஸ்) முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

15. எல்லாம் செய்தேன், போல்ட் முறிந்துவிட்டது. பாதி உள்ளே. இப்போது என்ன?

முதலில் தேநீர். கோபத்தில் எடுக்கும் அடுத்த கருவிதான் ஐநூறு ரூபாய் வேலையை ஐயாயிரம் ஆக்கும். ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடு ஒன்று இறுக்கிப் பூட்டி, உள்நட்டில் ஸ்பானர் மாட்டித் திருப்புங்கள். நீட்டிக்கொண்டிருப்பதில் மரை மிச்சமில்லை என்றால் வைஸ் கிரிப்.

மட்டமாக முறிந்திருந்தால், சரியாக மையத்தில் பஞ்ச் வைத்துத் துளையிட வேண்டும். இடது பக்கம் சுற்றும் துளைமுனை கிடைத்தால் துளையிடும்போதே பல சமயம் துண்டு வெளியே வந்துவிடும். அந்தத் துளையில் இறக்கித் துண்டைத் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட் என்ற சுருள் கருவியை நான் பயத்தோடுதான் சொல்கிறேன். ஒருமுறை புகைக்குழாய் ஸ்டட்டில் அது என் கையில் முறிந்தது. அது கடினப் பதம் ஏற்றிய உருக்கு, சாதாரணத் துளைமுனை அதன்மேல் வழுக்கும். கடைசியில் இன்ஜின் தலைப்பகுதியையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். போல்ட்டே திரும்பாத இடத்தில் அதைவிட ஒல்லியான ஈஸி அவுட் மட்டும் எப்படித் தாங்கும் என்று பட்டறைக்காரர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

16. திரும்பப் பூட்டும்போது எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது அல்லவா?

ஏறக்குறைய உண்மை. புகைக்குழாய், அடிப்பாகம், அலுமினியத்தில் ஏறும் இரும்பு போல்ட் ஆகியவற்றுக்குச் செம்பு அல்லது அலுமினியத் தூள் கலந்த பசை மிக நல்லது. சாதாரண கிரீஸ் புகைக்குழாய்ச் சூட்டில் கருகிவிடும்.

சிக்கல் சக்கர நட்டில் இருக்கிறது. கையேட்டில் சொல்லும் முறுக்கு விசை உலர்ந்த மரைக்கானது. வழவழப்பான மரையில் அதே விசையைக் கொடுத்தால் உராய்வில் போக வேண்டிய பங்கும் ஸ்டட்டை இழுக்கப் போய்விடும், ஸ்டட் நீளும். கையேடு வேறு மாதிரி சொன்னாலொழிய அவற்றை பிரஷால் சுத்தம் செய்து உலர்வாகவே பூட்டுங்கள். 12ஆம் கேள்வி திரும்ப வராமல் இருக்க, அச்சின் நடு வளையத்தில் மட்டும் விரலால் தொட்டுக் கொஞ்சம் கிரீஸ்.

17. நாளை காலை காரை எடுத்தாக வேண்டும். எண்ணெய் ஊற்றிக் காத்திருக்க நேரமே இல்லை என்றால்?

அப்படியானால் நட்டைக் காப்பாற்ற வேண்டாம். நட்டுப் பிளப்பான் என்று ஒரு கருவி இருக்கிறது, வளையத்துக்குள் ஓர் உளி. நட்டின் ஒரு பக்கத்தை அது பிளந்துவிடும், போல்ட் பெரும்பாலும் பிழைக்கும். அது இல்லையென்றால் ரம்பத்தால் நட்டின் ஒரு பக்கத்தைப் போல்ட்டின் நீளவாக்கில் அறுத்து, வெட்டில் உளி வைத்து விரிக்கலாம்.

ஆனால் புதிய நட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதை அறுக்க வேண்டும். ஜப்பானிய வழி வந்த கார்களில் 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25. தெருமுனை இரும்புக் கடையில் 10 என்று கேட்டால் 1.5தான் எடுத்துத் தருவார்கள். இரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கும், ஸ்பானரால் பலவந்தம் செய்தால் போல்ட்டின் மரையும் போய்விடும். இதே காரில் இருக்கும் அதே அளவு நட்டு இன்னொன்றை மாதிரிக்குக் கழற்றிக்கொண்டு, சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போங்கள். புது நட்டு விரலாலேயே கடைசி வரை ஏறுகிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டு, அதன் பிறகு ரம்பத்தை எடுங்கள்.